ஒன்பதில் வைத்த பிரேக்

என் மனைவி இரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் அவளைப் பற்றி வீட்டுக்காரர் கையால் அரைப் பக்கம் வேண்டுமாம். "அன்பானவர், பொறுமையானவர், சிரிச்ச முகத்தோட வேலை பாக்கறவர்னு நாலு வரி போதும் சார்" என்று போனில் ஒரு பெண் எனக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன வருஷம் இதே ஆட்கள்தான் அவளைக் கவனக்குறைவானவள் என்று தாளில் அடித்துக் கையெழுத்துக் கேட்டார்கள். இந்த வருஷம் பொறுமையானவளாம். எழுதுகிறேன். அரைப் பக்கத்தில் அடங்கவில்லை என்றால் அது என் தப்பு இல்லை.

நான் பஸ் ஓட்டுகிறவன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், ஹார்ன் அதைவிடச் சீக்கிரம் வரும். அவள் நேர் எதிர். அவள் வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் அவளை மெதுவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டீயை வடிகட்டாமலே டம்ளரில் ஊற்றுவாள், ஒரு தூள்கூட விழாது. அவ்வளவு மெதுவாகச் சாய்ப்பாள். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் "மெதுவக்கா, இன்னிக்குள்ள கிடைக்குமா?" என்பேன். "கலங்கின டீ வேணும்னா இப்பவே தரேன்" என்பாள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடக்கிறது.

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒருவர் வந்து கையை நீட்டிப் படுத்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார். அது ஒரு பையில் இருக்கிறது. அந்தப் பையை ஒரு பெரிய மெஷினில் வைத்துச் சுற்றுவார்கள். உருவத்தில் நம் துணி துவைக்கிற மெஷின் மாதிரி இருக்கும், வேகம் மட்டும் பேய் வேகம். சுற்றச் சுற்ற, கனமான சிவப்பு பையின் அடியில் போய்ப் படியும், மேலே தெளிந்த மஞ்சள் நிற்கும். மெஷின் நின்றதும் பையைக் குலுங்காமல் எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தி, மேலே நிற்கும் மஞ்சளை மட்டும் வேறு பைக்கு ஏற்ற வேண்டும். கொஞ்சம் ஆட்டம் கண்டாலும் அடியில் இருக்கும் சிவப்பு புகை மாதிரி மேலே ஏறிவிடும். அப்புறம் அந்த மஞ்சளை யாருக்கும் ஏற்ற முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

இருபத்துநாலு வருஷத்தில் அவள் கையில் கலங்கிய பைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எதிரெதிரே வைக்கிற பைகளைத் தராசில் நிறுத்து, ஒரு கிராம் கூடக் குறைய இருந்தால் சமம் செய்துவிட்டுத்தான் மூடியை மூடுவாள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போலப் பையை எடுப்பாள் என்று அவளோடு வேலை செய்கிறவர்களே சொல்லுவார்கள்.

அங்கே தலைமை டாக்டர் ஒருவர் இருந்தார். நான் அவருக்கு வைத்த பெயர் 'ஆச்சா'. அறை வாசலில் தலையை மட்டும் நீட்டி "ஆச்சா?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் அடுத்த அறை வாசலில் "ஆச்சா?" கேட்கும். படித்தவர், பெரிய டாக்டர், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பை ஓடியது என்று மேலே கணக்குக் காட்டுவதில் அவருக்கு இருந்த ஆசை, அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் இல்லை.

பழைய மெஷின் ஓடி முடித்து நிற்பதற்கே பத்துப் பன்னிரண்டு நிமிஷம் எடுக்கும். போன வருஷம் புது மெஷின் வந்தது. பொருத்திக் கொடுக்க வந்த கம்பெனி ஆள், இதில் பிரேக் இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை வைக்கலாம் என்று காட்டினான். ஒன்பதில் வைத்தால் அரை நிமிஷத்தில் நிற்கும். ஆச்சா டாக்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "ஒன்பதிலயே வையுங்க" என்றார். வைத்ததோடு விடவில்லை, கண்டவர்கள் கை வைக்கக் கூடாது என்று ஒரு ரகசிய எண்ணைப் போட்டுப் பூட்டிவிட்டார். எண் அவருக்கு மட்டும் தெரியும். சுவரில் புதிதாக ஒரு அட்டவணையும் ஒட்டினார்: எத்தனை சுற்று, எத்தனை நிமிஷம், எவ்வளவு குளிர். பிரேக் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. பழைய மெஷினுக்கு எழுதிய அட்டவணையை அப்படியே நகல் எடுத்தால் எப்படி இருக்கும்? பழையதில்தான் பிரேக்கே இல்லையே!

முதல் வாரமே பைகள் கலங்க ஆரம்பித்தன. என் மனைவி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். மெஷினுக்கென்று இருக்கும் பதிவு நோட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில், "பிரேக் ஒன்பதில் உள்ளது. நிற்கும்போது பைகள் கலங்குகின்றன. குறைத்துத் தர வேண்டும்" என்று எழுதினாள். நாலு நாள் கழித்து மறுபடி எழுதினாள். அடுத்த வாரம் மூன்றாவது தடவை எழுதி, நோட்டையே கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"குறிப்புங்கறது மெஷினைத் துடைச்ச தேதி எழுதறதுக்கும்மா. நீங்க அதுல கடுதாசி எழுதியிருக்கீங்க" என்றாராம். அதோடு, "உங்களுக்குப் புது மெஷின் வேகம் ஒத்துவரலை, அவ்வளவுதான். கொஞ்சம் சுறுசுறுப்பா பழகுங்க" என்று புத்திமதி வேறு.

மூன்று வாரத்தில் இருபத்திரண்டு பை. இருபத்திரண்டு பேர் வேலைக்கு நடுவில் வந்து, ஊசிக்குப் பயந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக் கொடுத்தது. அத்தனையும் குப்பைத் தொட்டியில். மேலே இருந்து ஏன் இத்தனை வீண் என்று கேள்வி வந்தது. கேள்வி வந்த மறுநாளே பதிலும் தயாராகிவிட்டது. அந்தப் பதில் என் மனைவி.

ஒரு தாளை அடித்து அவள் கையில் கொடுத்தார்கள். "மேற்படி பைகள் வீணானது, அவற்றைக் கையாள்வதில் நான் காட்டிய கவனக்குறைவால்தான் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்" என்று அதில் இருந்தது. அவள் பெயர் மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கையெழுத்துக்குக் கீழே ஒரு தடவை. போட்டுவிட்டால் வேலை போகாது, வாசல் ஜன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுதலாம். இனி எந்தப் பையையும் தொட வேண்டாம். போடாவிட்டால் விசாரணை. அதில் தப்பு என்று முடிவானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வரை நேரம்.

அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க உப்பு ஜாடியை மேலே வைத்தாள். நான் படித்தேன். படித்துவிட்டு நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். மற்றவர்கள் யோக்கியதையை மட்டும் எழுதிவிட்டு என்னுடையதைப் பூசி மெழுகினால் நன்றாக இருக்காது.

"போட்டுத் தொலையேன். வேலை இருக்குதில்ல? ஜன்னல்ல உக்காந்து சீட்டு எழுதறதுல என்ன குறைஞ்சு போச்சு? கொஞ்சம் அசந்திருப்பே, யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் கலக்கினேன்னு நீங்களும் நினைக்கறீங்களா?"

நான் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நொடி யோசித்தேன். அந்த இரண்டு நொடி போதும், அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டீ மட்டும் வந்தது. நான் டம்ளரைப் பார்த்தேன். ஒரு தூள் கிடையாது. எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் மேஜையில் பழைய பாடப் புத்தகம், தையல் டேப், அந்தப் பதிவு நோட்டின் பக்கங்களைப் பார்த்து எழுதிய தாள்கள் என்று பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

"இதைப் பாருங்க" என்றாள். பேசிவிட்டாள், அப்பாடா! "பன்னிரண்டாம் தேதி. நாலு பை. நாலும் கண்ணாடி மாதிரி தெளிவு. அன்னைக்கு மட்டும் ஏன்?"

"ஏன்?"

"கரண்ட் போச்சு. ஓடி முடிக்கப் போற நேரத்துல போச்சு. கரண்ட் இல்லைன்னா இதுல பிரேக் பிடிக்காது. அதுபாட்டுக்குச் சுத்திச் சுத்தி ஓய்ஞ்சு தானா நின்னுது, பத்து நிமிஷம் ஆச்சு. மூணு வாரத்துல ஒரு பைகூடக் கலங்காம வந்தது அந்த ஓட்டம் ஒண்ணுதான்."

"அப்ப பிரேக்தான்! போய் மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. நானும் வரேன், அந்த ஆளை நாலு கேள்வி கேக்கறேன்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க. சொன்னா அவர் கணக்குப் போட்டு மடக்குவார். அதுக்குத்தான் இது."

அப்புறம் எனக்கு அவள் விளங்க வைத்தாள். வட்டத்தில் சுற்றுகிற எதற்கும் இரண்டு இழுப்பு உண்டாம். ஒன்று, திசை மாறிக்கொண்டே இருப்பதால் வருவது. அது மையத்தைப் பார்த்து இருக்கும், ஆர முடுக்கம். இன்னொன்று, வேகம் கூடும்போதும் குறையும்போதும் மட்டும் வருவது. அது வட்டத்தின் ஓரத்தோடு, போகிற பாதையோடு இருக்கும், தொடுகோட்டு முடுக்கம். ஒன்றுக்கொன்று செங்குத்து.

"இது எனக்குத் தெரியாதா? வளைவுல திருப்பினா ஆளு பக்கவாட்டுல சாயறான். பிரேக் போட்டா முன்னாடி சாயறான். வளைவுலயே பிரேக் போட்டா கோணலாப் போய் அடுத்தவன் மடியில உக்காருறான், எனக்குத் திட்டு விழுது" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சரி, பஸ் நிக்கற கடைசி நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"பிரேக்கை லேசா விட்டுடுவேன். இல்லைன்னா நிக்கற நேரத்துல ஒரு வெட்டு வெட்டும். நிக்கற ஆளெல்லாம் தடுமாறிடுவாங்க."

"அதைத்தான் அந்த மெஷின் செய்ய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி கணக்கில் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அழைத்துப் போனாள். என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த அறைக் கதவு சரியாக மூடாது, ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கும். அதனால் எல்லாம் எனக்குக் கேட்டது, பாதி தெரிந்தது.

வேறு மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு மூத்த பெண் டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுதிக்கொள்வதற்கு ஆபீஸ்காரர் ஒருவர். ஆச்சா டாக்டர் எழுந்து பலகையில் எழுதினார். மெஷின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று. நொடிக்கு ஐம்பது. ரேடியன் கணக்கில் நொடிக்கு முந்நூற்றுப் பதினாலு. மையத்திலிருந்து பை இருக்கும் தூரம் இருபது சென்டிமீட்டர். முந்நூற்றுப் பதினாலை அதாலேயே பெருக்கி, அந்த இருபது சென்டிமீட்டரால் பெருக்கினால் ஆர முடுக்கம் கிட்டத்தட்ட இருபதாயிரம். பெரிய எழுத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"இப்ப இந்த அம்மா சொல்ற பிரேக்குக்கு வருவோம். முப்பது நொடியில நிக்குது. முந்நூத்திப் பதினாலை முப்பதால வகுத்தா நொடிக்குப் பத்தரை. அதை இருபது சென்டிமீட்டரால பெருக்கினா தொடுகோட்டு முடுக்கம் எவ்வளவு? ரெண்டு! இருபதாயிரம் எங்கே, ரெண்டு எங்கே? இருபதாயிரம் பிடிச்சு அழுத்தி வெச்சிருக்கறதை ரெண்டு வந்து கலக்கிடுமாம். சொல்றவங்க சொன்னாலும் கேக்கறவங்களுக்கு மதி வேண்டாமா மேடம்?"

ஆபீஸ்காரர் களுக்கென்று சிரித்தார். எனக்குப் பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மனுஷர் போட்ட கணக்கு ஒவ்வொன்றும் சரி. சரியான கணக்கை வைத்து ஒரு ஆளைக் குப்பையில் தள்ளுகிறாரே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று பெண் டாக்டர் கேட்டார்.

என் மனைவி எழுந்தாள். வழக்கமான அதே நிதானம். "சார் போட்ட கணக்கு சரிதான் மேடம். ஆனா அது பிரேக் போட ஆரம்பிக்கற நொடிக்கு மட்டும்தான். பை கலங்கறது அப்ப இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் எழுதியதை அழிக்காமல் அதன் கீழேயே எழுதினாள்.

அவள் எழுதியதை நான் அப்படியே சொல்கிறேன், இப்போது எனக்கு மனப்பாடம். மூவாயிரம் சுற்றில் ஆர முடுக்கம் இருபதாயிரம், தொடுகோட்டு முடுக்கம் இரண்டு. வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்து முந்நூறு சுற்றுக்கு வரும்போது ஆர முடுக்கம் பத்தில் ஒன்றாகக் குறையாது, நூறில் ஒன்றாகக் குறையும். ஆக அது இருநூறு. தொடுகோட்டு முடுக்கம் அதே இரண்டு, ஏனென்றால் பிரேக் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. முப்பது சுற்றுக்கு வரும்போது ஆர முடுக்கம் இரண்டு. தொடுகோட்டு முடுக்கமும் இரண்டு. நிற்கிற நேரத்தில் ஆர முடுக்கம் ஒன்றுமே இல்லை. தொடுகோட்டு முடுக்கம் அப்போதும் இரண்டு.

"இருபதாயிரம் இருக்கற வரைக்கும் சார் சொல்ற மாதிரி ரெண்டு ஒண்ணும் பண்ண முடியாது மேடம். ஆனா அந்த இருபதாயிரம் பாதியில விட்டுட்டுப் போயிடுது. கடைசி வரைக்கும் கூட வர்றது இந்த ரெண்டுதான். முப்பது சுத்துல ரெண்டும் சமமாயிடுது, அப்ப பைக்குள்ள இருக்கறது கோணலாத் தள்ளப்படுது. அதுக்கப்புறம் முழுக்கப் பக்கவாட்டுத் தள்ளல்தான். பிடிச்சு வெக்க யாருமில்லாத நேரத்துல ஒரு வெட்டு வெட்டி நிக்குது. பிரேக் இல்லாம பத்து நிமிஷத்துல நின்னா இந்த ரெண்டுங்கறது வெறும் புள்ளி ஒண்ணு ஆயிடும், தெரியவே தெரியாது."

பெண் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார். "தூரம் இருபதுன்னு எப்படித் தெரியும்?"

"தையல் டேப் வெச்சு அளந்தேன் மேடம்."

"தையல் டேப்பாம்!" என்றார் ஆச்சா டாக்டர். "இதெல்லாம் வாய்ஜாலம். கையில தப்பு இருக்கு, அதைக் கணக்குல மறைக்கறாங்க."

நான் எழுந்தேவிட்டேன். கதவு இடைவெளியில் அவள் கண் என்னைப் பார்த்தது. உட்கார்ந்தேன்.

"கையில தப்பு இருக்கான்னு இப்பவே பாத்துடலாம் மேடம். இன்னிக்கு ஓட்ட வேண்டிய நாலு பை உள்ள இருக்கு" என்றாள்.

எல்லாரும் மெஷின் அறைக்குப் போனார்கள். நானும் வாசலில் போய் நின்றேன், யாரும் துரத்தவில்லை. பைகளை அவள் நிறுத்துச் சமம் செய்து, வைத்து, மூடி ஓட விட்டாள். பிரேக்கைக் குறைக்க ரகசிய எண் கேட்டார் பெண் டாக்டர். ஆச்சா டாக்டர் சட்டைப் பையைத் தடவினார், வீட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். "அப்ப ஒன்பதுலயே ஒரு தடவை ஓடட்டுமே, பாத்துட்டாப் போச்சு" என்று வேறு சொன்னார்.

"ஒன்பதுல ஓட்டிப் பாத்தது போதும் சார். இந்த நாலையும் நான் தொட்டியில போட மாட்டேன்." அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஓட்டம் முடிய சில நொடி இருக்கும்போது போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"ஏய் ஏய், மெஷின் கெட்டுடும்!"

"பன்னிரண்டாம் தேதி கரண்ட் போனப்பக் கெடலையே சார். நோட்டுல குறிப்புல எழுதியிருக்கேன். நீங்க படிக்கலை."

மெஷின் தன்பாட்டுக்குச் சுற்றியது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பத்து நிமிஷம் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆச்சா டாக்டர் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும்.

நின்ற பிறகு சுவிட்சைப் போட்டாள், மூடி திறந்தது. அவள் இரண்டடி பின்னால் தள்ளி நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். "நான் தொடலை மேடம். என் கையிலதான் தப்புன்னு எழுதியிருக்கு. நீங்களே எடுங்க."

பெண் டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார். பழக்கமில்லாத கை, லேசாக ஆடத்தான் செய்தது. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாலும் தெளிவு. மேலே மஞ்சள், அடியில் சிவப்பு, நடுவில் நூல் பிடித்தது போல ஒரு கோடு. பெண் டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு ஆச்சா டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். அவர் சுவரில் இருந்த தன் அட்டவணையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு கதை முடிந்தது, நியாயம் ஜெயித்தது என்று நினைத்து நான் வழியில் அவளுக்குப் பிடித்த ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஒரே பக்கம். மெஷின் பிரேக் ஒன்றில் வைக்கப்படும். அட்டவணையில் பிரேக்குக்கு ஒரு கட்டம் சேர்க்கப்படும். ஊழியர் மீது நடவடிக்கை இல்லை. அத்தனையும் சரி. கடைசி வரி: "பைகள் வீணானதற்குக் காரணம் இயந்திரக் கோளாறு."

எனக்கு அது உடனே உறைக்கவில்லை. "அதான் உன் பேர் தப்பிச்சுதே" என்றேன்.

"மெஷின் என்னங்க தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டாள். "ஒன்பதுல வெச்சாங்க, ஒன்பதுல நின்னுது. நான்னு நினைச்சப்ப என் பேரை ஒரே தாள்ல மூணு தடவை அடிச்சாங்க. அவர்னு தெரிஞ்சதும் ஒரு தடவைகூட எழுதலையே."

கண்ணில் தண்ணீர் நின்றது. விசாரணைக்கு முன்னால்கூட அவள் அழவில்லை. இந்த ஒரு வரிக்கு அழுதாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது. ஏறியதிலிருந்து இறங்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? கிடையாது. அக்கா, தப்பாச் சொல்லிட்டோம் என்று ஒரு ஆள்? கிடையாது. இருபத்திரண்டு பேர் கொடுத்தது போனதற்கு வாயில்லாத ஒரு இரும்புப் பெட்டி பொறுப்பு!

மறுநாள் நான் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அவளை அழைத்து வரப் போயிருந்தேன். அவள் அந்தப் பதிவு நோட்டைத் திறந்து வைத்து, குறிப்புக் கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டம் போதவில்லை, பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து எழுதினாள்.

"மெஷினில் கோளாறு இல்லை. பிரேக் ஒன்பதில் வைக்கப்பட்டு இருந்தது. வைக்கச் சொன்னவர் தலைமை டாக்டர். குறைக்கும்படி மூன்று முறை இதே நோட்டில் எழுதப்பட்டது. குறைக்கவில்லை. இருபத்திரண்டு பை வீண்." மூன்று தேதிகளையும் போட்டு, அடியில் கோடிழுத்தாள்.

அதற்குள் வாசலில் தலை நீண்டது. அன்றைக்கு அவர் ஆச்சா என்று கேட்கவில்லை. உள்ளே வந்து, குனிந்து படித்தார். முகம் சுருங்கியது.

"இதெல்லாம் எதுக்கும்மா இனிமே? அதான் எல்லாம் ஆச்சே."

"ஆகலை சார்" என்றாள்.

பேனாவை எடுத்து அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளில் போடச் சொல்லி அவளிடம் எல்லாரும் கேட்ட கையெழுத்து. கிறுக்கல் இல்லாமல், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, முழுப் பெயரும் போட்டாள். அவர் அடுத்த மாதம் வேறு இடத்துக்கு மாறிப் போனார், பெரிய பதவிதான். அந்த நோட்டு போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது.

போனில் அரைப் பக்கம் கேட்டீர்களே, அம்மா. அன்பானவர், பொறுமையானவர் எல்லாம் வேண்டாம். அந்த நோட்டைத் திறந்து அந்தக் குறிப்பைப் படம் பிடித்துப் போடுங்கள். அளந்து பார்த்துவிட்டேன், சரியாக அரைப் பக்கம்தான் வருகிறது.